மோல்டு: அச்சா, வார்ப்பா?

மலேசியாவின் பீடோங் தோட்டப் பக்கத்திலிருந்து தொழிற்கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் வாயில் 'மோல்டு' சரளமாகப் புரள்கிறது. கணினியில் வரைந்து, அலுமினியக் கட்டியைக் கணினி இயக்கும் சிஎன்சி எந்திரத்தில் குடைந்து இரு பாதியாகச் செய்து, மூடி, உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தினால் பாகம் கிடைக்கும். அந்தக் கருவிதான் மோல்டு. மலாயில் 'அச்சுவான்'. அதிலேயே 'அச்சு' என்ற நம் சொல்லின் சாயல் கேட்கிறது அல்லவா?

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'மோடுஸ்' என்றால் அளவு, 'மோடுலுஸ்' சிற்றளவு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மாடல், மாட்யூல் எல்லாம் இதன் பங்காளிகள். ரொட்டியில் படரும் பூசணத்துக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துதான், வேர் வேறு. மொழிபெயர்ப்புச் செயலியைக் கண்ணை மூடி நம்பினால் 'பிளாஸ்டிக் பூஞ்சை' வந்து நிற்கலாம்!

தமிழில் அச்சு என்பதே போதும். வண்டி அச்சு, அச்சகத்து அச்சு என்று பல பொருள் உண்டுதான். இடம் பார்த்தால் குழப்பம் வராது. தீபாவளிக்கு அச்சு முறுக்கு சுடுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சூடேறிய அச்சை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரைதான் மாவில் தோய்ப்பார்கள். மாவு மேலே ஏறி மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. பிளாஸ்டிக்கிலும் இதே தொல்லைதான். பக்கச் சுவர் நேர்க்குத்தாக இருந்தால் பாகம் பிடித்துக்கொள்ளும். அதனால் 1 அல்லது 2 பாகை சாய்வு வைப்பார்கள். இதற்குக் 'கழல் சாய்வு' என்று பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

அளவும் முக்கியம். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது சுமார் 1 முதல் 2.5 விழுக்காடு வரை சுருங்கும். 100 மி.மீ. பாகம் வேண்டுமென்றால் அச்சை ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாகக் குடைய வேண்டும்.

சரி, வார்ப்பு? வார்த்தல் என்றால் ஊற்றுதல். வெண்கலச் சிலைக்குப் பொருந்தும். இங்கே பிளாஸ்டிக்கை ஊற்றுவதில்லை, எந்திரத்தின் திருகு அழுத்தித் தள்ளுகிறது. ஆனாலும் செய்முறைக்கு 'உட்செலுத்து வார்ப்பு' என்ற பெயர் வழங்குகிறது, இருக்கட்டும். கருவிக்கு அச்சு என்றே சொல்லுங்கள். 'வார்ப்புரு' வேண்டாம், கணினிக்காரர்கள் அதை டெம்ப்ளேட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்.