மிக்ஸி ஓடினால் ரேடியோ ஏன் இரைகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய மிக்ஸிக்குப் புதுக் கார்பன் போட்டு, பேரிங் மாற்றி ஓட வைத்துவிட்டேன், ஆனால் சுவிட்சைத் தட்டியதும் அப்பாவின் ரேடியோவில் மீடியம் வேவ் முழுக்கக் கொரகொர என்கிறது, என்ன செய்ய?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே பாருங்கள். மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயருக்கும் குறுக்கே ஒரு சின்னக் கண்டென்சர் இருக்க வேண்டும். அநேகமாக யாரோ முன்பே வெட்டி எடுத்திருப்பார்கள், "அது இல்லாமலே ஓடும்" என்று. ஓடும்தான், அது ரேடியோவுக்காக வைத்தது.

மிக்ஸி, டிரில், தையல் மெஷின் மோட்டார் எல்லாம் கார்பன் உரசி ஓடுபவை. கார்பன் உரசுகிற சுழலும் செம்பு வளையம்தான் கம்யூட்டேட்டர். அதில் 24 செம்புத் துண்டுகள் இருந்து, நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடினால், ஒரு கார்பனை நொடிக்கு 7,200 துண்டுகள் கடக்கும். ஒவ்வொரு துண்டும் விலகும்போது அதோடு இணைந்த காயிலில், அதாவது கம்பிச் சுருளில், ஓடும் மின்சாரம் சட்டென்று திசை மாற வேண்டும். காயில் லேசில் விடாது, மிச்சம் பொறியாகத் தெறிக்கும். 1887-ல் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை உண்டாக்கியதும் இப்படி ஒரு மின்பொறியால்தான், ஆகவே உங்கள் மிக்ஸி ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம், வீட்டு ஒயரிங் அதன் ஆன்டெனா.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர், நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் சுமார் 32,000 ஓம் தடை காட்டும், அதாவது கிட்டத்தட்ட மூடிய கதவு. அதே பொருள், ரேடியோ அலைவரிசையான 10 லட்சம் ஹெர்ட்ஸுக்கு 1.6 ஓம்தான்! உள்ளே எதுவும் திறப்பதில்லை, மூடுவதில்லை, எவ்வளவு வேகமாகத் துடிக்கிறாய் என்பதை மட்டும் பார்த்து வழி விடுகிறது. இரைச்சல் அந்தக் குறுக்குச் சந்தில் புகுந்து மோட்டாருக்கே திரும்பிவிடும், சுவர் வரை வராது. அதனால்தான் அதை மோட்டாரை ஒட்டியே, கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்ற வைக்க வேண்டும், கால் நீண்டால் அந்தக் கம்பியே வேகமான துடிப்புக்குத் தடையாகிவிடும்.

பழையவற்றில் காகிதம் சுற்றிய கண்டென்சர்கள் உண்டு. நம் கடலோரக் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே இறங்கிக் காகிதத்தைக் கெடுத்துவிடும். அதையே திரும்பப் போடாதீர்கள், 'எக்ஸ்2' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பிலிம் கண்டென்சர் கேளுங்கள், இரண்டு ஒயருக்கும் குறுக்கே போடுவதற்கான வகை அது. அதில் எங்காவது ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள மெல்லிய உலோகப் பூச்சு அந்த நொடியே ஆவியாகி, ஓட்டை தனித்துவிடப்படும், தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் பொருள் அது. ஒயரிலிருந்து மோட்டாரின் உலோக உடம்புக்குப் போகும் இன்னொரு கண்டென்சர் இருந்தால், அது மட்டும் 'ஒய்' வகையாக இருந்தே ஆக வேண்டும், வேறு எதைப் போட்டாலும் அது பழுதாகும் அன்று மிக்ஸியைத் தொட்டவர் கையில் ஷாக் அடிக்கலாம்.

ஓடாத சாமான் வீட்டில் இருந்தால் தரித்திரம் என்று சொல்லியே எத்தனை நல்ல மோட்டார்களைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறோம்! எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது. சில ரூபாய்க் கண்டென்சரும் ஒரு ஜோடிக் கார்பனும் போதும், பல ஆண்டு ஓடும்.

போட்ட பிறகும் இரைந்தால் இருட்டில் ஓட்டிப் பொறியைக் கவனியுங்கள். கார்பன் ஓரத்தில் சின்னதாக நீலம் தெரிந்தால் கவலை இல்லை. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும் பகுதி) காயில் போயிருக்கக்கூடும், ரீவைண்டிங் கடையில் காட்டிவிடுங்கள்.