சாமுல்லோரி: நான்கு பொருள், ஓர் ஆட்டம்

நான்கு பேர் உட்கார்ந்து நான்கு தாளக் கருவிகளை வாசிக்கும் கொரிய இசைக் கலை ஒன்று உண்டு. அதன் பெயரைக் கொரியர்கள் எழுதுவது சாமுல்-நோரி. சொல்வது சாமுல்லோரி. முதல் சொல் ல் என்று முடிந்து அடுத்த சொல் ந என்று தொடங்கினால் அவர்கள் வாயில் இரண்டும் சேர்ந்து ல்ல ஆகிவிடும். நம்மிடம் இதே சந்திப்பு வேறு மாதிரி முடிகிறது: நல் + நூல் = நன்னூல். அங்கே லகரம் ஜெயிக்கிறது, இங்கே மூக்கொலி ஜெயிக்கிறது. ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'சாமுல்நோரி' என்று எழுதுவதைவிட, காதில் விழுகிறபடி 'சாமுல்லோரி' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சட்டை என்று சொல்லும்போது வருகிற ச போதும், கிரந்த எழுத்து தேவையில்லை.

சா என்றால் நான்கு, முல் என்றால் பொருள். இரண்டும் சீனத்திலிருந்து கொரிய மொழிக்கு வந்த வேர்கள். நோரி மட்டும் சொந்தக் கொரியச் சொல். 'நோல்' என்ற வினையிலிருந்து வருகிறது, விளையாடு என்று பொருள். ஆக, 'நான்கு பொருள் விளையாட்டு'. எந்த நான்கு பொருள் என்று பெயரில் இல்லை. முக்கனி என்றால் மா, பலா, வாழை என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா, அந்த மாதிரிப் பெயர்தான் இது. ஆனால் இடம் தெரிந்து வாசிக்க வேண்டும். கொரிய மருந்துக் கடையில் 'சாமுல்தாங்' என்று கேட்டால் நான்கு மூலிகை போட்ட கஷாயம் கிடைக்கும். நம் திரிகடுகத்துக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

இசையில் சாமுல் என்ற சொல் முதலில் இருந்த இடம் பௌத்தக் கோவில். அங்கே காலையும் மாலையும் முழக்கும் நான்கு பொருள்களுக்கு அந்தப் பெயர்: பெரிய முரசு, வெண்கல மணி, மரத்தில் குடைந்த மீன், மேக வடிவில் வார்த்த உலோகத் தகடு. முரசு நிலத்து விலங்குகளுக்காக, மர மீன் நீர்வாழ் உயிர்களுக்காக, மேகத் தகடு பறவைகளுக்காக, மணி நரகத்தில் துன்பப்படும் உயிர்களுக்காக. கேட்க ஆளே இல்லாத மலைக்கோவிலில்கூட அடிக்கிறார்கள் என்றால், அது மனிதக் காதுகளை மட்டும் நினைத்து அடிக்கிற அடி இல்லை.

இன்று சாமுல்லோரி என்றால் மனதில் வரும் நான்கு இவை அல்ல. அந்த நான்கும் வயல்வெளியிலிருந்து வந்தவை. க்வேங்க்வாரி என்பது உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கலத் தட்டு. சேகண்டி போல ஒரு கையில் பிடித்து மறுகையால் அடிப்பது, ஆனால் விளிம்பு உள்ளே மடிந்திருக்கும். பிடித்த கையின் விரல்களால் பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டு ஒலியை அமுக்கவும் திறக்கவும் செய்வார்கள். ஜிங் அதன் பெரிய அண்ணன். துணி சுற்றிய கோலால் ஒரு தட்டு தட்டினால் ஒலி எழுந்து, அலைந்து, மெல்ல அடங்கும். ஜாங்கு இடை சுருங்கிய இருமுக மத்தளம். 'ஜாங்' என்றால் கோல், 'கு' என்றால் முரசு. வலப்பக்கம் மெல்லிய மூங்கில் குச்சி, இடப்பக்கம் உருண்டைத் தலை வைத்த கோல். நான்காவது புக், பீப்பாய் வடிவப் பறை, பசுத்தோல் போர்த்தியது. க்வேங்க்வாரி இடி, ஜிங் காற்று, ஜாங்கு மழை, புக் மேகம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். மழைக்கு ஏங்கும் உழவர்களின் கற்பனை என்று உடனே தெரிகிறது.

இந்த நான்கும் சேர்ந்து, தலையில் நீண்ட நாடா சுழல, நடந்தும் ஆடியும் ஊர் சுற்றி வாசிக்கும் கலைக்கு புங்முல் என்று பெயர், நோங்-அக் என்றும் சொல்வார்கள். நோங்-அக் என்றால் உழவர் இசை. யுனெஸ்கோ 2014-இல் தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்தப் பெயரில்தான். ஆனால் இது ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பரவிய சொல் என்று பல கொரியருக்கு இதன்மேல் மனத்தாங்கல் உண்டு, அவர்கள் புங்முல் என்பதையே விரும்புகிறார்கள். புங்முல்லில் தேப்யொங்சோ என்ற இரட்டை நாக்குக் குழலும் சேரும். நம் நாயனத்தின் உறவு என்று கேட்டவுடனே தெரியும். தவிலும் பம்பையும் நாயனமுமாகத் தெருவில் வரும் நையாண்டி மேளத்தைக் கேட்டு வளர்ந்தவருக்கு, புங்முல் ஊர்வலம் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும்.

1970-களில் இந்தக் கலை ஒடுங்கிக்கொண்டிருந்தது. கிராம நவீனமயம் என்ற பெயரில் ஊர்ச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று அரசே விரட்டிய காலம் அது. சடங்கு போனால் மேளத்துக்கு வேலை ஏது? ஊர் ஊராகப் போய்க் கழைக்கூத்தும் முகமூடியாட்டமும் பொம்மலாட்டமும் காட்டிய நாம்சாதாங் குழுக்களும் கலைந்துகொண்டிருந்தன. அந்த மரபில், 5 வயதிலேயே ஆட்டக்களத்தில் இறங்கியவர் ஜாங்குக் கலைஞர் கிம் தோக்சு. அவரும் க்வேங்க்வாரிக் கலைஞர் கிம் யொங்பேயும் இன்னும் இருவரும் 1978 பிப்ரவரியில் சியோலில் ஒரு சின்ன அரங்கில் உட்கார்ந்து வாசித்தார்கள். கட்டடக் கலைஞர் கிம் சூகுன் கட்டிய செங்கல் கட்டடத்துக்குள் இருந்த அரங்கு அது.

உட்கார்ந்தார்கள் என்பதுதான் செய்தி. ஆட்டம் இல்லை, நாடா இல்லை, குழல் இல்லை, ஊர்வலம் இல்லை. நான்கு பேர், நான்கு கருவி. அந்தக் குழுவுக்கு, கோவில் சொல்லை எடுத்து 'சாமுல்லோரி' என்று பெயர் வைத்தவர் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் சிம் ஊசொங். முதலில் அது ஒரு குழுவின் பெயர். அப்புறம் அதே அமைப்பில் வாசித்த எல்லாரையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள், கலையின் பெயராகவே ஆகிவிட்டது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று அறிமுகம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவிகளும் தாளங்களும் பழையவைதான். பெயரும் வடிவமும் நம் அப்பா அம்மா காலத்தவை.

சரி, இதில் அப்படி என்ன ஈர்ப்பு? 1982-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த தாளக் கருவிக் கலைஞர்கள் மாநாட்டில் இந்த நால்வர் குழு வாசித்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. பாதிக் காரணம் அந்தச் சின்ன அரங்கில் இருக்கிறது என்பது என் கணிப்பு. க்வேங்க்வாரி, வயல்வெளியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்பதற்காகச் செய்த கருவி. அதைக் கூரைக்குக் கீழே கொண்டுவருவது, வரப்பில் நின்று கூப்பிட்டே பழகிய குரலை அறைக்குள் பேச வைப்பது போல. ஒலி காதோடு நிற்காது, நெஞ்சுக்கூட்டில் இடிக்கும்.

மீதிப் பாதி, தாளத்தைக் கட்டுகிற விதத்தில் இருக்கிறது. கொரியத் தாளங்கள் பெரும்பாலும் மும்மூன்றாகப் பிரியும், நம் திஸ்ர நடை போல. ஆனால் சில தாளங்கள் மூன்றையும் இரண்டையும் கலந்து காலை வாரிவிடும். சில்ச்சே என்ற தாளம் 36 சிற்றெண்ணிக்கை கொண்டது. ஒரு சுற்றில் ஜிங் ஏழு முறை விழும், பெயரிலேயே ஏழு இருக்கிறது. அந்த ஏழு துண்டுகளும் சம அளவு இல்லை. 36-ஐ ஏழால் வகுத்தால் எப்படி மீதியில்லாமல் வரும்? கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் மூன்றாவது சுற்றுக்குள் நாம் தொலைந்துபோவோம். மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இறுக்கி, கடைசியில் இன்னொருவரும் தன் கருவியை விட்டு க்வேங்க்வாரியை எடுக்க, இரண்டு க்வேங்க்வாரிகள் ஓர் அடி உனக்கு ஓர் அடி எனக்கு என்று மாறி மாறித் தட்டும்போது எது யாருடைய அடி என்றே தெரியாது. அந்த உச்சத்திலிருந்து சட்டென்று கிசுகிசுப்புக்கு இறங்குவார்கள். அந்த இறக்கத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறிகிறது.

வாசிப்பவர்களின் உடம்பையும் கவனியுங்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் மூச்சோடு சேர்ந்து இடுப்பிலிருந்து எழுந்து எழுந்து அமர்கிறார்கள். எண்ணிப் பயில்வதைவிட மூச்சைப் பயில்வது முக்கியம் என்பது அவர்கள் பாடம். சொற்கட்டும் உண்டு: ஜாங்குவில் இருபக்கமும் சேர்ந்தால் தொங், இடப்பக்கம் குங், வலப்பக்கம் தொக். தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

வாசிப்பவரும் கேட்பவரும் தாளத்தில் தம்மை மறக்கும் நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் சின்மியொங். 'சின்' தெய்வம், 'மியொங்' ஒளி. சாமியாடிச் சடங்குகளின் பக்கத்திலேயே வளர்ந்த சொல், இன்று திருவிழாக் குதூகலத்துக்கும் அதையே சொல்கிறார்கள். தமிழில் நேர்ச்சொல் தேடினால் அருள் ஒரு பக்கம் இழுக்கும், கொண்டாட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். உருமி அடிக்கும்போது கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வரும், பக்கத்தில் நிற்பவருக்குக் கால் தானாக ஆடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் நம்மிடம் இல்லை.

இனி தமிழாக்கம். 'கொரியப் பறை' என்று எழுதுவது சுருக்கமாக இருக்கும், ஆனால் நான்கில் இரண்டு வெண்கலம், அவை கஞ்சக்கருவிகள். பறை என்றால் தோல் மட்டும்தான். 'கொரிய மேளம்' அதைவிடப் பரவாயில்லை, கருவிக்கும் குழுவுக்கும் மேளம் என்றே சொல்கிறோம். ஆனால் மேளம் என்றதும் நாயனம் காதில் வந்துவிடுகிறது. 'நாற்கருவி இசை' பிழையில்லை, பாடப்புத்தக வாடை அடிக்கிறது.

என் தேர்வு நாலியம். இயம் என்பது இசைக்கருவிக்குப் பழந்தமிழ்ச் சொல். பல கருவிகள் சேர்ந்தால் பல்லியம். மட்டக்களப்பில் பறையும் மத்தளமும் சேர்ந்த அணியை இன்னியம் என்று அழைக்கிறார்கள், ஆக சொல் செத்துவிடவும் இல்லை. நான்கோடு உயிரெழுத்துச் சேர்ந்தால் நாலாயிரம் என்பது போல், நான்கு + இயம் = நாலியம். நோரிக்கு ஆட்டத்தைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அவர்கள் புத்தாண்டில் குச்சி வீசி விளையாடுவதும் நோரி, முகமூடிக் கூத்தும் நோரி. நாமும் தாயம் ஆடுகிறோம், கரகம் ஆடுகிறோம், ஊஞ்சலும் ஆடுகிறோம். எனவே கலைக்கு நாலிய ஆட்டம், வாசிக்கும் அணிக்கு நாலியம். 1978-இன் அந்தக் குறிப்பிட்ட குழுவைச் சொல்லும்போது சாமுல்லோரி என்றே விடலாம், அது சிறப்புப் பெயர்.

கருவிப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். ஜாங்குவை முதல் முறை சொல்லும்போது மட்டும் ஓர் அடைமொழி சேர்க்கலாம். துடிக்கு நம் அகராதிகள் தரும் பொருள் 'இடைசுருங்குபறை', ஜாங்குவின் உருவத்துக்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

புங்முல்லுக்குத்தான் வழி தெரியவில்லை. புங் என்றால் காற்று, முல் பொருள். 'காற்றுப்பொருள்' என்று எழுதிப் பார்த்தேன், பலூன் கடை ஞாபகம் வந்தது. அது புங்முல்லாகவே இருக்கட்டும்.