ஆணியைக் கழற்ற முன்னம் வொரண்டி அட்டையைப் பாருங்கள்

கல்முனையில் லெப்டொப் திருத்தும் வேலை எனக்கு. ஒலுவில் கம்பஸ் பிள்ளைகள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நானா, எஸ்எஸ்டி போட்டா வொரண்டி போயிருமா?" எஸ்எஸ்டி என்பது பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்புச் சாமான்.

மூடியைத் திறந்த ஒரே காரணத்துக்காக வொரண்டி போவது குறைவு. லெனோவோ, டெல், எச்பி மூன்றும் சேர்விஸ் மெனுவலை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. பல மொடல்களில் ரெம்மையும் (தற்காலிக நினைவகம்) டிஸ்க்கையும் கழற்றும் விதம் படத்தோடு இருக்கும். ஆனால் நீங்கள் வாங்கிப் போட்ட ரெம்முக்குக் கொம்பனி பொறுப்பில்லை, கழற்றும்போது ஒரு கிளிப் உடைந்தாலோ கேபிள் கிழிந்தாலோ அதற்கும் பொறுப்பில்லை. சிக்கல் வருவது இங்கேதான்.

இன்னொன்று, வொரண்டி தருவது யார்? கொம்பனியா, விற்ற கடையா? கடை வொரண்டி என்றால் ஆணிக்கு மேல் ஒட்டிய அந்தச் சின்ன ஸ்டிக்கர்தான் சட்டம், அது கிழிந்தால் வொரண்டி இல்லை என்பார்கள். அமெரிக்காவில் இப்படி ஸ்டிக்கரைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2018ல் அங்குள்ள வர்த்தக ஆணையம் கொம்பனிகளை எச்சரித்தது, ஆனால் அதைக் கல்முனைக் கடையில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்! ஆகவே திறக்க முன்னம் கடைக்காரரிடமே கேட்டு, சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த லெப்டொப் என்றால் சீரியல் நம்பரைக் கொம்பனித் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். சிலதுக்கு இலங்கையில் வொரண்டியே இராது, இல்லாததற்குப் பயந்து என்ன செய்வது.

சாமான் வாங்கும்போதும் கவனம். ரெம்மில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4 ரெம் டிடிஆர்3 ஸ்லொட்டில் ஏறாது, பள்ளம் வேறிடத்தில் இருக்கும், அழுத்தினால் ஸ்லொட்தான் போகும். எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல, ஆனால் எல்லா லெப்டொப்பும் இரண்டையும் ஏற்காது. மெல்லிய லெப்டொப்கள் பலவற்றில் ரெம் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது, மாற்றவே முடியாது. பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் மீட்புக் குறியீட்டை முதலில் எழுதி வையுங்கள். திறந்ததும் முதல் வேலை பெட்டரி வயரைக் கழற்றுவது.

ஒரு தங்கச்சிக்கு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். நாலு மாதத்தில் திரை போய்விட்டது. சேர்விஸ் சென்டரில், முதலில் இருந்த டிஸ்க்கைப் போட்டுக் கொண்டு வாருங்கள் என்றார்களாம். அந்த டிஸ்க்கை அவர் என் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார், நானோ அதை வேறொரு மெசினுக்குப் போட்டுவிட்டேன். பிழை என்னுடையதுதான், திரைக்கான காசில் பாதியை நான் கொடுத்தேன். அன்றிலிருந்து கழற்றிய ரெம்மையும் டிஸ்க்கையும் உறையில் போட்டு, சீரியல் நம்பரை எழுதிக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

திருத்தக் கொடுக்கும் நாளில் பழைய ரெம்மையும் டிஸ்க்கையும் திரும்பப் போட்டுக் கொடுங்கள். உங்கள் எஸ்எஸ்டி வீட்டு அலுமாரியில் இருக்கட்டும், குடும்பப் படமெல்லாம் எதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும்?