மீர் பள்ளம் ஹெலிகாப்டரை விழுங்குமா?

சைபீரியாவின் யாகூத்தியா பகுதியில் மீர்னி என்றொரு ஊர். அதன் வீடுகள் முடிகிற இடத்தில் 1,200 மீட்டர் அகலமும் 525 மீட்டர் ஆழமுமாக ஒரு பள்ளம் இறங்குகிறது. சோவியத் காலத்தில், 1957இல் தோண்டத் தொடங்கிய 'மீர்' வைரச் சுரங்கம் அது. 2001இல் திறந்தவெளித் தோண்டல் நின்றது. அன்றிலிருந்து வாய் பிளந்தபடி கிடக்கும் பள்ளத்தைச் சுற்றிக் கதைகள் வளர்ந்துவிட்டன. மேலே பறக்கும் ஹெலிகாப்டரை உள்ளே இழுத்துவிடும் என்பது அவற்றில் முதலாவது. அணுகுண்டு வைத்துப் பறித்த குழி, பழைய நாகரிகம் ஒன்று விட்டுச்சென்ற சுரங்கம் என்பவை அடுத்தடுத்து வரும்.

ஹெலிகாப்டர் கதை இப்படிப் போகும்: பள்ளத்தின் ஆழத்தில் காற்று சூடாக இருக்கும், மேலே கடுங்குளிர். சூடான காற்று லேசானது, அதன்மேல் வந்ததும் ஹெலிகாப்டர் தூக்குவிசையை இழந்து விழும். கேட்க அறிவியல் போலத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம்.

525 மீட்டர் கீழே இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 6.5 சதவீதம் கூடும். வெப்பநிலை மாறாவிட்டால் காற்றின் அடர்த்தியும் அதே அளவு கூடும். அந்தக் கூடுதலை அழித்து, விளிம்பில் உள்ள காற்றைவிட அடியில் உள்ளதை லேசாக்க வேண்டுமானால், அடியில் ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடு வேண்டும். அவ்வளவு சூடு அங்கே தங்காது. காற்று மேலே எழும்போது கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் குளிரும். ஆகவே அடிக்கும் விளிம்புக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்த உடனேயே கீழ்க்காற்று மேலேறிக் கலந்துவிடும். 18 டிகிரியை எட்ட வழியே இல்லை. சொல்லப்போனால், பள்ளத்தின் அடியில் ஹெலிகாப்டருக்குக் கிடைக்கும் காற்று மேலே உள்ளதைவிடக் கனமானது, அதிகம் தூக்கக்கூடியது.

'உறிஞ்சுதல்' என்பதும் நிற்காது. அடி மூடிய குழி இது. உள்ளே பாயும் காற்று ஏதாவதொரு பக்கமாக மேலே வந்தே தீர வேண்டும். வடிகால் போல ஓயாமல் இழுக்க, அந்தக் காற்று போய்ச் சேர ஓர் இடம் வேண்டாமா?

அதற்காகப் பள்ளத்துக்குள் பறப்பது பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது விளிம்பு. பலத்த காற்று விளிம்பைத் தாண்டும்போது தரையை விட்டுப் பிரிந்து, காற்று வரும் பக்கச் சுவரின் கீழே சுழலாக உருளும். சுழலின் ஒரு பக்கத்தில் கீழ்நோக்கிய வீச்சு உண்மையாகவே இருக்கும்.

இரண்டாவது ஆபத்தை விமானிகள் நன்றாக அறிவார்கள்: தன் இறக்கை தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலிகாப்டர் இறங்குவது. மி-8 ரகத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கைச் சுற்றின் விட்டம் 21.3 மீட்டர், முழு எடை சுமார் 12 டன். அந்த எடையைத் தாங்க அது காற்றை நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் கீழே தள்ள வேண்டும். முன்னோக்கிய வேகம் குறைவாக இருக்க, நொடிக்கு 6 மீட்டர் அளவில் நேர்கீழாக இறங்கினால், தள்ளிய காற்று ஓரங்களில் வளையமாகச் சுற்றி மறுபடி மேலிருந்து இறக்கைக்குள் வரும். எஞ்சின் விசையைக் கூட்டினால் வளையம்தான் பலமாகும், இறக்கம் நிற்காது. தப்பிக்க வழக்கமான வழி முன்னாலோ பக்கவாட்டிலோ நகர்ந்து நல்ல காற்றுக்குப் போவது. குறுகிக்கொண்டே போகும் பள்ளத்தில் அந்தப் பக்கவாட்டில் நிற்பது பாறைச் சுவர். பள்ளத்தின்மேல் பறக்கக் கட்டுப்பாடு வைக்க மர்ம விசை எதுவும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வெடி வைத்துப் பாறை உடைத்த இடம் அது, விமான நிலையமும் ஊரை ஒட்டியே இருக்கிறது.

அணுகுண்டுக் கதைக்கு ஒரு விதை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1974 அக்டோபர் 2 அன்று யாகூத்தியாவின் இன்னொரு வைர ஊரான உதாச்னி அருகே 98 மீட்டர் ஆழத்தில் 1.7 கிலோடன் அணுகுண்டை வெடித்தார்கள். 'கிறிஸ்டல்' என்று பெயர். சுரங்கக் கழிவைத் தேக்கும் அணை கட்ட மொத்தம் எட்டு வெடிப்புகள் என்பது திட்டம். கதிர்வீச்சு பரவியதால் முதலாவதோடு கைவிட்டார்கள். ஆனால் உதாச்னி மீர்னிக்கு வடக்கே 400 கிலோமீட்டருக்கும் அப்பால். உண்மையான அணுகுண்டுப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமானால் கஜகஸ்தானில் சகான் இருக்கிறது. 1965 ஜனவரியில் 140 கிலோடன் வெடித்து உண்டானது, அகலம் 408 மீட்டர், ஆழம் 100 மீட்டர். அகலத்தில் கால்பங்குதான் ஆழம், வடிவம் தட்டு மாதிரி. மீர் பள்ளத்தின் ஆழமோ அகலத்தில் பாதியை நெருங்குகிறது. போதாததற்கு, சுவர் முழுக்கப் படிப்படியாக வெட்டிய மேடைகள், அவற்றில் சுற்றிச் சுற்றி இறங்கும் லாரிப் பாதை. வெடிப்பு படி வெட்டாது.

பிறகு ஏன் இவ்வளவு வட்டமாக இருக்கிறது? தோண்டியவர்கள் வரைந்த வட்டம் அல்ல அது. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், 150 கிலோமீட்டருக்கும் கீழிருந்து வாயு நிறைந்த பாறைக்குழம்பு மேலே பீறிட்டு, உச்சியில் கேரட் வடிவக் குழாயைத் துளைத்து உறைந்தது. அந்தப் பாறைக்குக் கிம்பர்லைட் என்று பெயர். வழியில் இருந்த வைரங்களையும் அள்ளிக்கொண்டு வந்தது. கேரட்டைப் பிடுங்கினால் மண்ணில் என்ன வடிவம் மிஞ்சுமோ அதுதான் பள்ளம். சுவர் சரியாமலிருக்க ஓரங்களைக் கூடுதலாக வெட்டியதால் வாய் இன்னும் அகன்றது.

கண்டுபிடித்த விதமும் பதிவில் இருக்கிறது. 1954 ஆகஸ்டில் லரீசா பொபுகாயெவா என்ற நிலவியலாளர், பைரோப் என்ற செந்நிற மணிகளின் தடத்தைப் பிடித்துப் போய் சோவியத்தின் முதல் கிம்பர்லைட் குழாயான சர்னீத்சாவை அடைந்தார். வைரத்தோடு சேர்ந்து மேலே வரும் மணிகள் அவை. 1955 ஜூன் 13 அன்று யூரி ஹபார்தினின் குழு மீரைக் கண்டது. செய்தி ரகசியம் என்பதால் வானொலியில், "அமைதிக் குழாயைப் பற்றவைத்தோம், புகையிலை அருமை" என்று அனுப்பினார்கள். ரஷ்ய மொழியில் புகைக்கும் குழாய்க்கும் பாறைக் குழாய்க்கும் ஒரே சொல். மீர் என்றால் அமைதி. இந்தப் பழைய ரகசியம்தான் இன்றைய மர்மக் கதைகளுக்கெல்லாம் எரு.

மனிதரால் இதைத் தோண்ட முடியுமா என்றும் கேட்கிறார்கள். முழுக் கூம்பு என்று வைத்தால் கொள்ளளவு ஏறத்தாழ 20 கோடி கன மீட்டர். 44 ஆண்டுகளில் நாளுக்குச் சராசரி 12,500 கன மீட்டர், அதாவது 31,000 டன். 40 டன் டிப்பரில் சுமார் 780 நடை. பெரிய வேலைதான், ஆனால் அதிசயம் இல்லை. தொடக்கத்தில் டன்னுக்கு 4 காரட் (வைரத்தின் எடை அலகு) வரை, அதாவது 0.8 கிராம் வைரம் கிடைத்த இடத்தில் இந்த உழைப்பு கட்டுப்படியானது. அந்த 0.8 கிராமைப் பிரிக்க ஒரு வழி எக்ஸ்ரே: நொறுக்கிய கல்மீது பாய்ச்சினால் வைரம் ஒளிரும், உணரி அதைக் கண்டதும் காற்றுப் பீச்சு அந்தக் கல்லை மட்டும் தட்டித் தனியே தள்ளும்.

பெரிய ஆபத்து மேலே காற்றில் இல்லை, கீழே நீரில் இருந்தது. உறைந்த நிலத்துக்கு அடியில் உப்புநீர் நிறைந்த பாறை அடுக்கு ஒன்று உண்டு. உப்பு கரைந்திருப்பதால் நன்னீர் உறையும் குளிரில் அது உறையாது. தோண்டல் அந்த அடுக்கைத் தாண்டியதிலிருந்து பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. சிக்கல் அளவில் மட்டும் இல்லை. ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும். ஏற்கெனவே 100 கிராம் கரைந்திருக்கும் நீருக்கும் பசி மிச்சம் இருக்கிறது, வழியில் உப்புப் பாறை தென்பட்டால் அதைத் தின்று பாதையை அகலமாக்கிக்கொள்ளும். சாதாரணப் பாறைப் பிளவில் கசிவு நாளடைவில் வண்டல் படிந்து அடைபடலாம். உப்புப் பாறையில் கசிவு பெருகத்தான் செய்யும்.

2009இல் பள்ளத்துக்கு அடியில் நிலத்தடிச் சுரங்கம் தொடங்கியது. பள்ளத்தின் அடிநீருக்கும் கீழே வேலை செய்தவர்களுக்கும் இடையே இருந்தது, வெட்டாமல் விட்ட பாறைத் தட்டு ஒன்று. 2017 ஆகஸ்ட் 4 அன்று பள்ளத்து நீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அப்போது 151 பேர் கீழே இருந்தார்கள். 8 பேர் திரும்பவில்லை. 26ஆம் தேதி தேடுதலை நிறுத்தினார்கள்.