உருளைக்கிழங்குக்கு ஏன் சொட்டு சொட்டா தண்ணி விடணும்?

பண்ருட்டி குறிஞ்சிப்பாடி பக்கம் செம்மண்ணுல உருளை வருமா, தண்ணி கம்மிதான், டிரிப் (சொட்டு நீர்ப் பாசனம்) போட்டா எடுத்துடலாமான்னு கேக்குறவங்களுக்காக இது. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், உருளைக்கு தண்ணிய விட ராத்திரி குளிர்தான் முக்கியம். ராத்திரி 20 டிகிரிக்கு கீழ இறங்குனாதான் கிழங்கு நல்லா பிடிக்கும், ஊட்டி கொடைக்கானல்ல நல்லா வர்றது அதனாலதான். நம்ம கடலூர், புதுச்சேரில மார்கழி, தை விட்டா அதுக்கு கிட்ட கூட வராது. வீட்டுத் தோட்டத்துல நாலு பார் (நீளமான மண்மேடு) போட்டு பாருங்க, கடன் வாங்கி ஏக்கர் கணக்குல இறங்க வேணாம்.

சரி, தண்ணிக்கு வருவோம். உருளைக்கிழங்கு வேர் கிடையாது, மண்ணுக்குள்ள ஓடுற தண்டோட நுனி பருத்து வர்றது. செடியோட வேரும் ஆழமா போகாது, முக்காவாசி மேல இருக்குற ஒன்றரை அடிக்குள்ளயே நின்னுடும். வாய்க்கால்ல மடை திருப்பி விட்டா தண்ணி அந்த ஆழத்த தாண்டி கீழ இறங்கிடுது, மணல் கலந்த மண்ணுன்னா கேக்கவே வேணாம், அடுத்த பாய்ச்சலுக்குள்ள மேல்மண் காஞ்சு கிழங்கு வளர்றது நின்னுடும், அப்புறம் திடீர்னு தண்ணி கிடைச்சதும் மறுபடி வளர ஆரம்பிக்கும். அங்கதான் வெடிப்பு விழுது, முண்டும் முடிச்சுமா கோணலா வருது. அதனால டிரிப்போட பெரிய லாபம் தண்ணி மிச்சமாகுறது மட்டும் இல்ல, மண்ணோட ஈரம் தினமும் ஒரே மாதிரி இருக்குறதுதான்.

எப்படி வேலை செய்யுதுன்னா, டியூப்குள்ள தண்ணி சொட்டுற ஒவ்வொரு சொட்டுவாயிலயும் வளைஞ்சு வளைஞ்சு போற சின்ன பாதை இருக்கும், தண்ணி அதுல முட்டி மோதி அழுத்தம் குறைஞ்சு மணிக்கு 2 லிட்டர், 4 லிட்டர்னு மெதுவா வெளிய வரும். இப்படி மெதுவா விழுறப்ப மண்ணுல இருக்குற நுண்ணிய இடைவெளிங்க அத பக்கவாட்டுல இழுத்துக்கும். களிமண்ணுல அகலமா பரவும், மணல்ல நேரா கீழ போயிடும், அதனால மணல் கலந்த நம்ம செம்மண்ணுக்கு சொட்டுவாய் ஒரு அடிக்கு ஒண்ணுன்னு நெருக்கமா இருக்கணும், ஒரே நேரத்துல நிறைய விடாம தினமும் கொஞ்ச நேரம் ஓட்டணும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் தேவைன்னு வச்சா ஏக்கருக்கு சுமாரா 20,000 லிட்டர் ஆகுது.

கடலோரத்துக்காரங்க இத கவனமா படிங்க. போர் தண்ணில உப்பு இருந்தா சொட்டுற தண்ணி அந்த உப்ப ஈரத்தோட ஓரத்துக்கு தள்ளிட்டே போகும், வேர் நடுவுல பத்திரமா இருக்கும். ஆனா லேசா ஒரு மழை பெஞ்சா போதும், ஓரத்துல சேர்ந்த உப்பு கரைஞ்சு வேர்கிட்டயே திரும்பி வந்துடும், உருளை உப்பு தாங்குற பயிரும் இல்ல. மழைதான் பெய்யுதேன்னு மோட்டார நிறுத்தாதீங்க, தூறல் போடுறப்பவும் டிரிப் ஓடட்டும். நல்லா கனமழை பிடிச்சா அதுவே உப்ப ஆழத்துக்கு கழுவிடும்.

பில்டர வாரம் ஒரு தடவையாவது கழுவுங்க, டியூப் முனைய திறந்து விட்டு அழுக்க வெளியேத்துங்க. கிழங்கு மேல வெளிச்சம் பட்டா பச்சையாகி நச்சு சேரும், அதனால செடி அடியில மண் அணைக்காம விடாதீங்க. தோண்டறதுக்கு 10, 15 நாள் முன்னாடியே தண்ணிய நிறுத்திடணும், அப்பதான் தோல் கெட்டியாகி எடுக்குறப்ப உரியாம வரும்.