அஞ்சைனாவுக்கு ‘நெஞ்சுவலி’ போதாது

உடல்நலக் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்களில் ஒருவர், இதயத்தசைக்கு ரத்தம் போதாமல் நெஞ்சை நெரிக்கும் ‘அஞ்சைனா’வை ‘நெஞ்சுவலி’ என்கிறார், இன்னொருவர் ‘மாரடைப்பு’ என்றே எழுதிவிடுகிறார். இரண்டும் தவறு. பின்னது ஆளைக் கலங்கடிக்கும், முன்னது நோயையே மறைத்துவிடும்.

வேர், லத்தீன் ‘ஆங்கெரெ’: நெரித்தல். ‘அஞ்சைனா’ முதலில் தொண்டை நோயின் பெயர். 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன்தான் அதை நெஞ்சுக்கு இறக்கி ‘அஞ்சைனா பெக்டோரிஸ்’ என்றார். பிரெஞ்சு மொழி பழைய பொருளை விடவில்லை. பிரெஞ்சு வழங்கும் மொரிசியசு தீவில் ‘ஆன்ஜின்’ என்றால் இன்றும் தொண்டைப்புண்தான். நெஞ்சுக்கு ‘ஆன்ஜின் தெ புவாத்ரீன்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். “போன வருசம் ஆன்ஜின் வந்தது” என்பவரிடம் தொண்டையிலா நெஞ்சிலா என்று கேட்டுவிட்டே எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி ‘நெஞ்சுவலி’. நெஞ்செரிச்சலும் நெஞ்சுவலி, விலாப் பிடிப்பும் நெஞ்சுவலி, நுரையீரல் உறை அழற்சியும் நெஞ்சுவலி. அறிகுறியின் பொதுப்பெயரை நோயின் பெயராக்கினால் பிரித்தறிய வழியில்லை. அதைவிடப் பெரிய கேடு, கேள்வியையே அது கெடுத்துவிடுவது. “நெஞ்சு வலிக்குதா ஐயா?” என்றால், “வலியெல்லாம் இல்லை, என்னமோ அமுக்குது” என்று நோயாளி மார்பெலும்பின் மேல் மூடிய கையை வைப்பார். அந்தக் கைதான் விடை. லெவின் குறி என்று அதற்குப் பெயரே உண்டு. ‘வலி இல்லை’ என்று குறித்துக்கொண்டவர் அதைத் தவறவிடுகிறார்.

“நெஞ்சை நெரிக்குதா, பாரம் வச்ச மாதிரி இருக்குதா?” என்றுதான் தொடங்க வேண்டும். எதில் வருகிறது என்பதை ஆளுக்குத் தெரிந்த ஏற்றத்தை வைத்துக் கேளுங்கள்: மொரிசியசுக்காரர் என்றால், அங்குள்ள கோர் தெ கார்த் மலை முருகன் கோயிலுக்குப் படியேறும்போது எங்கே நிற்க நேர்கிறது? போன தைப்பூசத்தில் எங்கே நின்றார்? வயிறு நிறையச் சாப்பிட்டு நடந்தால், குளிர்காற்றில் நடந்தால் சீக்கிரம் வருகிறதா? தாடைக்கோ இடக்கைக்கோ பரவுகிறதா? நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது? நெரிப்பு, உழைப்பில் வருவது, ஓய்விலோ நாக்கடியில் இடும் நைட்ரேட் மருந்திலோ ஐந்து நிமிடத்துக்குள் தணிவது என மூன்றும் சேர்ந்தால் அசல் அஞ்சைனா. இரண்டே இருந்தால் ஐயம். ஒற்றை விரலால் இடம் காட்டி, மூச்சிழுத்தால் குத்துகிறது என்றால் பெரும்பாலும் வேறு நோய். நீரிழிவு மிகுந்த இந்தத் தீவில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சர்க்கரை நோயாளிக்கு நெரிப்பே தெரியாமல் மூச்சிரைப்பாக மட்டும் வரலாம்.

‘மாரடைப்பு’ என்பதை ஏற்கவே முடியாது. அஞ்சைனாவில் பொதுவாக இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகியிருக்கிறது. உழைக்கும் தசைக்கு வேண்டிய ரத்தம் போதவில்லை, ஓய்ந்தால் போதுகிறது, தசை சாவதில்லை. மாரடைப்பில் ரத்தக்கட்டி வழியை அடைக்க, தசை சாகிறது. உட்கார்ந்திருக்கும்போதே வந்து இருபது நிமிடமாகியும் விடாத நெரிப்பை மாரடைப்பாகவே எண்ணி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இருபது நிமிடம் ஆகட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த எச்சரிக்கையை எந்தத் தமிழில் எழுதுவது?

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுவதும், அது பிடிக்காதவர் ‘இதயத்தசைக் குருதியூட்டக் குறைநோவு’ என்று வாயில் நுழையாததைக் கட்டுவதும் மொழிபெயர்ப்பாகாது. கழுத்தை நெரித்தான் என்கிறோமே, அதே வினை போதும்: நெஞ்சு நெரிப்பு. தாடையில் மட்டும் வந்தால் பொருந்துமா என்பார்கள்; ‘பெக்டோரிஸ்’ என்பதும் மார்பைத்தானே சொல்கிறது. நோயாளி இந்த வினையிலேயே விடை சொல்லலாம்: ஏறினால் நெரிக்குது, நின்றால் விட்டுடுது.