இழுவை இல்லாத பழைய அவுட்போர்டு

நாரளி பூர்ணிமாவுக்குக் கடலில் தேங்காய் விட்டதும் மும்பையின் கோலி மீனவர்கள் படகு இறக்கத் தொடங்குவார்கள். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார மெக்கானிக் ஒருவருக்கு அப்போதுதான் வேலை குவியும். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த, படகின் பின்புறம் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின்கள் மாஹிம் பக்கமிருந்து வரிசையாக வரும். வருகிறவர் மராத்தியில் சொன்னாலும் இந்தியில் சொன்னாலும், உதவிக்கு நிற்கும் பையனிடம் மெக்கானிக் தமிழில் சொல்வது இதுதான்: "ஸ்டார்ட் ஆகுதாம், இழுவை இல்லையாம். டிரம்ல விட்டுப் பாக்காதல, படகுல மாட்டு."

டிரம் தண்ணீரில் ஏன் கண்டுபிடிக்க முடியாது? புரொப்பல்லர் கேட்கும் சக்தி, அது சுற்றும் வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். நிமிடத்துக்கு 5,500 சுற்றில் 40 குதிரைசக்தி கேட்கும் புரொப்பல்லருக்கு, அதில் பாதியான 2,750 சுற்றில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 5 குதிரைசக்தி போதும். அரைகுறை இன்ஜினால்கூட அதைக் கொடுத்துவிட முடியும். குட்டு வெளிப்படுவது படகில் ஆள் ஏறி, ரேஸை முழுதாகத் திறக்கும்போதுதான். டிரம்மில் அப்படித் திறந்தால் தண்ணீர் வெளியே பறந்துவிடும், அவ்வளவுதான்.

முதல் சந்தேகம் பெட்ரோல் மேல். டேங்க் மூடியில் காற்று போகும் திருகைத் திறக்க மறப்பது சர்வசாதாரணம். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் ஒழுங்காக ஊற்றாதே, அதே கதைதான். அதைத் திறந்தும் சரியாகவில்லை என்றால், குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பல்பு கைகொடுக்கும். ஒருவர் படகை முழு வேகத்தில் ஓட்டட்டும், இன்னொருவர் பல்பைத் தொடர்ந்து அமுக்கட்டும். படகு சட்டென்று வேகமெடுத்தால் கார்புரேட்டரைக் குறை சொல்ல வேண்டாம். அதற்கு முந்தைய பாதையில்தான் கோளாறு. பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. சப்பையாகவில்லை என்றால், இன்ஜினில் பெட்ரோலைத் தள்ளும் பம்பைப் பார்க்கலாம்.

இந்தப் பம்பு ஒரு சுவாரசியமான சாமான். பல பழைய இன்ஜின்களில் இதை ஓட்ட மோட்டாரும் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதற்கு அடியில் இருக்கும் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பு ஒரு மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் அசைத்துப் பெட்ரோலைத் தள்ளுகிறது. வயதான சவ்வு விறைத்துப்போனால் ஐடிலுக்குத் தேவையான துளியைக் கொடுக்கும், முழு ரேஸுக்குத் தேவையானதைக் கொடுக்காது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் சவ்வுக்கும் குழாய்க்கும் ஆகாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும்.

பல்பை அமுக்கியும் மாற்றமில்லை, ஆனால் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் வேகம் கூடுகிறது என்றால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான மெயின் ஜெட்டில் பிசின் கட்டியிருக்கலாம். கழற்றிக் கழுவ வேண்டும். "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்று மட்டும் விடாதீர்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் இன்ஜினில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது நெருப்பு. இரண்டு சிலிண்டரில் ஒன்று செத்திருந்தாலும் இன்ஜின் ஓடும், முக்கி முக்கி. இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதை எர்த்தோடு (இன்ஜினின் உலோக உடலோடு) இணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை. ஓடும் இன்ஜினில் வயரைப் பிடுங்குவது வீரமல்ல: கைக்கும் ஆபத்து, பொறிக்கு மின்சாரம் தரும் சி.டி.ஐ. பெட்டிக்கும் ஆபத்து. காயிலை மாற்றும் முன் எர்த் வயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் அங்கே பச்சை பூத்திருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பல பழைய மாடல்களில் ரேஸ் கம்பி கார்புரேட்டரைத் திறப்பதோடு, பொறி விழும் நேரத்தையும் முன்னே நகர்த்தும். 5,500 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆவது வெறும் 11 மில்லி விநாடி. பெட்ரோல் எரிய நேரம் வேண்டும் என்பதால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு வெகு முன்பே பொறி விழ வேண்டும். அந்தக் கம்பியின் சின்ன பிளாஸ்டிக் மூட்டு உடைந்தால், எல்லாம் நன்றாக இருந்தும் இழுவை வராது.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்க்க கேஜ் போதும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை மற்ற செலவுகளை நிறுத்தி வையுங்கள். படகின் அடியில் சிப்பி ஒட்டியிருந்தாலும் இதே புகார்தான் வரும்.

இன்னொரு வகை நேரெதிர். இன்ஜின் அலறும், படகு நகராது. புரொப்பல்லரின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கினால் இப்படித்தான். நடுக் குமிழிலும் வெளிச்சட்டத்திலும் சேர்த்து ஒரே நேராக பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு முழு ரேஸில் ஒரு சுற்று போய் வாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம், புஷ்ஷை மாற்றினால் போதும்.